வில்லியம் பெர்கின்ஸ்: கறுப்புக் கோடும் வெள்ளைக் கோடும் மட்டும்தானா?

தேடல்:
எலிசபெத் காலத்துப் பியூரிட்டன்களை, அதாவது இங்கிலாந்து சபையை இன்னும் சீர்திருத்த விரும்பிய புராட்டஸ்டன்டுகளை, பற்றி யார் எழுதினாலும், வில்லியம் பெர்கின்ஸ் பெயர் வந்ததும் அந்த வரைபடத்தைப் போட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுகிறார்கள். உச்சியில் திரித்துவம். ஒரு பக்கம் தேவன் இரட்சிப்புக்குத் தெரிந்துகொண்டவர்களுக்கு வெள்ளைக் கோடு, மறுபக்கம் தள்ளுண்டவர்களுக்குக் கறுப்புக் கோடு. அடியில் நித்திய ஜீவனும் நித்திய ஆக்கினையும். மனிதர் யார், எங்கே பிரசங்கித்தார், ஒரு பிரசங்கத்தை எப்படிக் கட்டினார், அந்த வரைபடத்தை எதற்காக வரைந்தார் என்று தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதுங்கள். அடுத்த மாத வாசிப்புக் கூட்டத்துக்கு இவரை எடுக்கலாமா என்று முடிவு செய்ய உதவும்.

பழைய ஏடு:
முதலில் வாழ்க்கை. 1558-இல் வார்விக்ஷயரில், பல்கிங்டன் பங்கைச் சேர்ந்த மார்ஸ்டன் ஜாபெட்டில் பிறந்தார். முதலாம் எலிசபெத் அரியணை ஏறியதும் அதே ஆண்டுதான். அவர் இறந்தது 1602 அக்டோபர் 22. ராணி இறந்தது அடுத்த மார்ச்சில். ஆக, அவருடைய சுமார் 44 வயது வாழ்வும் ஏறத்தாழ முழுவதும் ஒரே ஆட்சிக்குள் அடங்கிவிட்டது. பேராயர்கள் உண்டு, பொது ஜெப நூல் உண்டு, ஆனால் உபதேசத்தில் கால்வினின் ஜெனீவாவோடு நெருக்கம்: இப்படி ஒரு சபைக்குள் இருந்துகொண்டே அதைத் திருத்தப் பார்த்தவர் அவர். பிரிந்துபோய்த் தனிச் சபை வைத்தவர்களை அவர் ஏற்கவில்லை. ‘பியூரிட்டன்’ என்ற பட்டமும் அவருக்குப் பிடிக்காது.

1577-இல் கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். ஆசிரியர் லாரன்ஸ் சாடர்டன். 1584-இல் முதுகலை முடித்து அதே கல்லூரியில் ஃபெலோ (கல்லூரியின் உறுப்பினர்-ஆசிரியர்) ஆனார். அதே காலத்தில் கல்லூரிக்கு எதிரே இருக்கும் புனித அந்திரேயா ஆலயத்தில் விரிவுரைப் பிரசங்கியாராக அமர்ந்து, சாகும்வரை அங்கேயே இருந்தார். இன்று அங்கே நிற்கும் கட்டடம் 19-ஆம் நூற்றாண்டில் புதிதாகக் கட்டியது. படம் போடுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

‘விரிவுரைப் பிரசங்கியார்’ பதவியை விளங்கிக்கொண்டால் பல முடிச்சுகள் அவிழும். பங்குக் குருவுக்குத்தான் திருமுழுக்கு, திருமணம், அடக்கம், சடங்கு எல்லாம். இவருக்குப் பிரசங்கம் ஒன்றே வேலை. சடங்கு விஷயத்தில் பேராயர்களோடு மோதவேண்டிய சந்தர்ப்பம் இதனால் குறைந்தது. அப்படியும் 1587 ஜனவரியில் கல்லூரி ஆலயத்தில் பேசிய ஒரு பிரசங்கத்துக்காகத் துணைவேந்தர்முன் நிற்க நேர்ந்தது. திருவிருந்தில் முழங்காலிடுவது, ஊழியர் அப்பத்தையும் ரசத்தையும் தமக்குத் தாமே கொடுத்துக்கொள்வது, கிழக்கு நோக்கித் திரும்புவது ஆகியவற்றைக் கண்டித்திருந்தார். 1591-இல் பியூரிட்டன் தலைவர் தாமஸ் கார்ட்ரைட் முதலானோர்மேல் ஸ்டார் சேம்பர் என்ற அரச நீதிமன்றத்தில் நடந்த வழக்கில் சாட்சி சொல்ல அழைக்கப்பட்டார். அதற்குமேல் அவர்மேல் பெரிய நடவடிக்கை எதுவும் வரவில்லை.

1595-இல் கிராண்ட்செஸ்டரைச் சேர்ந்த திமோத்தி க்ரேடக் என்ற பெண்ணை மணந்தார். ஃபெலோக்கள் மணமுடிக்கக் கூடாது என்பதால் கல்லூரிப் பதவி போயிற்று. ஏழு பிள்ளைகள், அதில் மூன்று சிறுவயதிலேயே இறந்தன. மரணத்துக்குக் காரணம் சிறுநீரகக் கல். “என் தாசனாகிய மோசே மரித்துப்போனான்” என்ற யோசுவா 1:2 வசனத்தை வைத்து ஜேம்ஸ் மான்டேகு அடக்கப் பிரசங்கம் செய்தார்.

வலது கை ஊனம், எழுதியதெல்லாம் இடது கையால் என்று 17-ஆம் நூற்றாண்டுச் சபை வரலாற்றாசிரியர் தாமஸ் ஃபுல்லர் குறித்திருக்கிறார். இளமையில் குடித்துத் திரிந்தார், தெருவில் ஒரு தாய் தன் பிள்ளையை ‘குடிகாரப் பெர்கின்ஸ்’ பேரைச் சொல்லிப் பயமுறுத்தியதைக் கேட்டுத் திருந்தினார் என்ற கதை பின்னால் வந்தவர்கள் சொன்னது. கூட்டத்தில் அதை ஆதாரமாக வைக்காதீர்கள்.

ரூத்:
சிறைச்சாலை ஊழியத்தை விட்டுவிட்டீர்களே அண்ணா. கேம்பிரிட்ஜ் கோட்டைச் சிறையில் கைதிகளுக்குத்தான் அவர் முதலில் பிரசங்கித்தார். தூக்குமேடை ஏணியில் நடுங்கி நின்ற ஒரு இளைஞனை இறங்கி வரச்சொல்லி, பக்கத்தில் முழங்காலிட்டு ஜெபித்ததைச் சாமுவேல் கிளார்க் எழுதிய வாழ்க்கைக் குறிப்பில் காணலாம். அந்த ஜெபத்தின் வரிசையைப் பாருங்கள். முதலில் பாவத்தின் பயங்கரத்தை அவன் கண்ணீர் விடும்வரை எடுத்துச் சொல்கிறார். அதன்பிறகே கிறிஸ்துவைக் காட்டுகிறார். பிற்பாடு தம் பிரசங்கக் கைநூலில் எழுதிய வரிசையும் இதுதான்.

மேய்ப்பன்கோல்:
ரூத் சிஸ்டர் சொன்ன வரிசையிலிருந்தே தொடங்குகிறேன். பிரசங்கக் கலை பற்றிய கைநூலை 1592-இல் லத்தீனில் வெளியிட்டார். சிறிய நூல்தான். அவர் இறந்தபின் தாமஸ் டூக் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். முடிவில் முழு முறையையும் நான்கே வேலைகளாகச் சுருக்குகிறார்: வேதவாக்கியத்தைத் தெளிவாக வாசி, வாசித்ததன் பொருளை வேதத்தைக்கொண்டே சொல், அதிலிருந்து பயனுள்ள சில உபதேசங்களை எடு, அவற்றை எளிய பேச்சில் சபையாரின் வாழ்க்கைக்குப் பொருத்து. ‘சில’ என்ற சொல்லை அடிக்கோடிடுங்கள். வசனத்தில் இருப்பதையெல்லாம் கொட்டுவதை அவர் விரும்பவில்லை.

பொருள் காண மூன்று கருவிகள். விசுவாசப் பிரமாணத்தோடு ஒத்துப்போகிறதா என்பது ஒன்று. யார், யாரிடம், எப்போது, எங்கே, எதற்காகச் சொன்னார், முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்பது இரண்டு. மற்ற வசனங்களோடு ஒப்பிடுவது மூன்று. அவரே செய்துகாட்டும் பயிற்சி “இது என்னுடைய சரீரமாயிருக்கிறது” என்பது. எழுத்துப்படி எடுத்தால் கிறிஸ்து பரமேறினார் என்ற அறிக்கையோடு மோதுகிறது, திருவிருந்தின் இயல்போடும் மோதுகிறது. ஆகவே அப்பம் சரீரத்துக்கு அடையாளம் என்று முடிக்கிறார். ஒரு வாக்கியத்துக்கு நான்கு வகைப் பொருள் என்ற இடைக்காலப் பழக்கத்தை அவர் தள்ளிவிட்டார். பொருள் ஒன்றே, மற்றவை அதிலிருந்து எடுக்கும் பயன்கள்.

அவருடைய பலம் நான்காவது வேலையில்தான் இருக்கிறது. பொருத்திச் சொல்லுமுன், எடுத்த வசனம் நியாயப்பிரமாணமா சுவிசேஷமா என்று பிரசங்கியார் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். நியாயப்பிரமாணம் நோயைக் காட்டும், குணமாக்காது. பிறகு சபையாரை ஏழு வகையாகப் பிரிக்கிறார்.

அறியாமையும் இருந்து, கற்க மனமும் இல்லாதவர்களிடம் உடனே உபதேசத்தை அவிழ்க்கக் கூடாது. அவர்களிடம் வெளிப்படையாகத் தெரியும் ஒரு பாவத்தை எடுத்துக் கண்டித்து, கேட்கும் மனம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். கற்க மனமுள்ள அறியாதவர்களுக்கு வினாவிடை. அறிவு இருந்தும் உடையாதவர்களுக்கு நியாயப்பிரமாணம். உடைந்தவர்களில் இரண்டு நிலை உண்டு. அரைகுறையாக உடைந்தவருக்கு ஆறுதலை அவசரமாகக் கொடுத்தால் புண் மேலே மூடி உள்ளே சீழ் பிடிக்கும். முழுக்க உடைந்தவருக்கோ தாமதமில்லாமல் சுவிசேஷம். விசுவாசிகளுக்குச் சுவிசேஷத்தோடு நியாயப்பிரமாணமும் வேண்டும், ஆனால் சாபம் நீங்கிய வாழ்க்கை நெறியாக. பின்வாங்கினவர்கள் ஆறாவது. ஏழாவது எல்லாரும் கலந்திருக்கும் கூட்டம். நடப்பில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பிரசங்கியார்முன் உட்கார்ந்திருப்பது அந்த ஏழாவது வகைதான்.

பொருத்தும் விதங்களை 2 தீமோத்தேயு 3:16-இலிருந்து எடுக்கிறார். உபதேசம், கடிந்துகொள்ளுதல் இரண்டும் மனதுக்கு. நீதியைப் படிப்பித்தல், சீர்திருத்தல் இரண்டும் நடத்தைக்கு.

தேடல்:
நன்றி ஐயா. எழுதிவைத்து வாசித்தாரா, மனப்பாடமா? குறிப்பெடுக்கும் முறை பற்றி ஏதாவது இருக்கிறதா?

மேய்ப்பன்கோல்:
இருக்கிறது. பொருள்வாரிக் குறிப்பேட்டுக்கு விதிகளே கொடுத்திருக்கிறார். இறையியலின் ஒவ்வொரு பொருளுக்கும் தலைப்பு தயாராக இருக்க வேண்டும். தாளை நெடுக்காக இரண்டு பத்தியாகப் பிரித்து மேலே தலைப்பை எழுத வேண்டும். எதிர்ப்பக்கத்தை வெறுமையாக விட வேண்டும், பின்னால் புதுத் தாள் ஒட்டுவதற்காக. வாசித்ததையெல்லாம் எழுதக் கூடாது; அரிதாகக் கிடைப்பதையும் நினைவில் வைக்கத்தக்கதையும் மட்டும், அதுவும் முக்கியச் சொற்களையும் எடுத்த இடத்தையும் மட்டும் குறிக்க வேண்டும். எந்தத் தலைப்பிலும் அடங்காததற்கு அகரவரிசை அட்டவணை. கடைசியாக ஒரு எச்சரிக்கை: ஏட்டில் எழுதியாயிற்று என்று நினைவாற்றலைச் சும்மா போட்டுவிடாதே.

வேதத்தைப் படிக்கும் வரிசையும் சொல்கிறார். ரோமரும் யோவானும்தான் திறவுகோல்கள். பிறகு மற்றப் புதிய ஏற்பாடு. அப்புறம் பழைய ஏற்பாட்டில் சங்கீதம், தீர்க்கதரிசிகளில் முக்கியமாக ஏசாயா, அதன்பின் சரித்திர ஆகமங்கள், குறிப்பாக ஆதியாகமம்.

மனப்பாடத்தில் இரண்டு பழக்கங்களை மறுக்கிறார். மனதுக்குள் ஒரு மண்டபத்தைக் கட்டி, அதன் மூலைகளில் உருவங்களை நிறுத்தி நினைவுகூரும் பழைய கிரேக்க-ரோம வித்தை அன்று கல்லூரிகளில் பிரபலம். அந்த உருவங்கள் உயிர்பெற வேண்டுமானால் விபரீதமாகவும் ஆபாசமாகவும் இருக்க வேண்டும், அது மனதைக் கெடுக்கும் என்பது அவர் வாதம். சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்வதும் வேண்டாம். ஓரிடத்தில் அறுந்தால் பிரசங்கியார் தடுமாறுவார், சபை கலங்கும். அறாவிட்டாலும் குரலும் கையசைவும் உள்ளத்தின் அசைவும் கட்டுண்டு போகும். அதற்குப் பதில் பொருளின் தர்க்க வரிசையைப் பிடி: இந்த உபதேசம், இதற்கு இந்த ஆதாரம், இதற்கு இந்தப் பயன். வரிசை பிடிபட்டால் சொற்கள் வரும் என்கிறார். பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் பீட்டர் ராமுஸின் தர்க்கமுறை, அதாவது எதையும் இரண்டிரண்டாகக் கிளைபிரிப்பது, அவருக்கு வெறும் ஏட்டு அலங்காரமாக இல்லாமல் நினைவுக் கருவியாகவே உதவியது.

பிரசங்கத்தில் கிரேக்கமும் லத்தீனும் கூடாது. காரணம் நடைமுறை சார்ந்தது: அந்நியச் சொல் காதில் விழுந்ததும் கேட்பவர் அங்கேயே தடுக்கி நிற்கிறார், முன்னால் சொன்னதைப் பின்னால் வருவதோடு இணைக்க முடியாமல் போகிறது. படிப்பறையில் எல்லாக் கலைகளையும் பயன்படுத்து, பீடத்தில் அதை மறைத்துவிடு. உபதேசம் சொல்லும்போது குரல் மிதம், புத்தி சொல்லும்போது வேகம். உடல் நிமிர்ந்து அசையாமல் நிற்கட்டும். கையும் முகமும் கண்ணும் பேசட்டும்.

எதிர்க்கேள்வி:
பிரசங்க முறை சிறந்தது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வரைபடத்தைச் சுற்றிக்கொண்டு போய்விட்டீர்கள். கறுப்புக் கோட்டை மேலிருந்து கீழே வாசியுங்கள். தள்ளுண்டவர்களில் ஒரு பகுதிக்கு ‘பலனற்ற அழைப்பு’ உண்டு. அதன்கீழே அறிவொளி, மனவருத்தம், தற்காலிக விசுவாசம், ருசிபார்த்தல், வைராக்கியம் என்று வரிசையாக வருகிறது. அப்புறம்தான் வழுக்கலும் இருதயக் கடினமும். ஒருவன் ஆக்கினைக்குட்பட்டவனா கிருபைக்குட்பட்டவனா என்று ஆராயும் 1589 நூலிலும், தள்ளுண்டவன் எவ்வளவு தூரம் விசுவாசியைப்போல நடக்கமுடியும் என்று பக்கம் பக்கமாக எழுதினார். இதைக் கேட்ட ஒரு சாதாரண நெசவாளி என்ன செய்வான்? ‘எனக்கிருக்கும் வைராக்கியம் எந்தக் கோட்டில் இருக்கிறது?’ என்றுதான் கேட்பான். கலங்கிய மனச்சாட்சிக்கு மருந்து கொடுத்தவர் என்று அவரைப் புகழ்கிறார்கள். கலக்கத்தில் பாதி அவர் உபதேசத்திலிருந்தே வந்ததில்லையா?

பழைய ஏடு:
கூர்மையான கேள்வி. அதிலிருக்கும் நியாயத்தை மறுக்க முடியாது. ஆனால் வரைபடத்தை முழுதாகப் பார்ப்போம்.

அந்த வரைபடம் வரும் நூல் ‘பொற்சங்கிலி’: லத்தீனில் 1590, ஆங்கிலத்தில் 1591. பெயருக்கு அடிப்படை ரோமர் 8:30: “எவர்களை முன்குறித்தாரோ அவர்களை அழைத்துமிருக்கிறார்” என்று தொடங்கி மகிமைப்படுத்துவதில் முடியும் தொடர். ஜெனீவாவில் கால்வினுக்குப் பின் தலைமை ஏற்ற தியோடர் பேசா 1550-களில் வரைந்த அட்டவணைதான் முன்மாதிரி. பெர்கின்ஸ் அதில் செய்த பெரிய மாற்றம் நடுவில் ஒரு மூன்றாம் பத்தியைச் சேர்த்தது. கிறிஸ்துவின் பிறப்பு, மரணம், அடக்கம், உயிர்த்தெழுதல், பரமேறுதல், பரிந்துபேசுதல் அங்கே வரிசையாக நிற்கின்றன. வெள்ளைப் பக்கத்தின் விசுவாசத்திலிருந்து அந்த நடுப்பத்திக்குக் கோடுகள் ஓடுகின்றன. இணையத்தில் சிறிதாக்கிப் போடும் படங்களில் முதலில் காணாமல் போவது இந்தக் கோடுகள்தான். உச்சியிலிருந்து இரண்டு கோடு இறங்குவது மட்டும் தெரியும்.

தலைப்பிலேயே பயனைச் சொல்லிவிட்டார்: வாசிக்கத் தெரியாதவர்களுக்கு இது கண்ணால் படிக்கும் வினாவிடை, விரலை வைத்துத் தொட்டுத் தொட்டு வரிசையைப் புரிந்துகொள்ளட்டும் என்று. நூலின் உடலில் ஒரு பெரிய பகுதி பத்துக் கட்டளைகளின் விளக்கம். முடிவை ஒட்டி, கலங்கிய மனச்சாட்சியைத் தேற்ற பேசா கையாண்ட முறையைத் தனியாகச் சேர்த்திருக்கிறார்.

அதே 1590-இல் பாமரருக்காக எழுதிய ‘ஆறு அடிப்படைகள்’ வினாவிடையையும் பக்கத்தில் வையுங்கள். ஒரே தேவன், மனிதரெல்லாரும் கெட்டுப்போனார்கள், கிறிஸ்து இரட்சிப்பை முழுக்கச் செய்துமுடித்தார், நொறுங்கிய ஆவியுள்ளவன் விசுவாசத்தால் மட்டுமே அவரைப் பற்றிக்கொள்கிறான், விசுவாசம் பிரசங்கத்தால் வந்து, பிரசங்கத்தாலும் திருவிருந்து முதலியவற்றாலும் ஜெபத்தாலும் வளர்கிறது, எல்லாரும் எழுந்து நியாயத்தீர்ப்புக்கு நிற்பார்கள். இந்த ஆறு தலைப்பு வாக்கியங்களிலும் முன்குறித்தல், அதாவது யார் இரட்சிக்கப்படுவார் என்று தேவன் முன்னமே தீர்மானித்தது, இல்லை. முன்னுரையில் மக்கள் வாயில் புழங்கும் தவறான எண்ணங்களை அடுக்குகிறார். பழைய மதம் (கத்தோலிக்கம்) இருந்தபோது காலம் நன்றாயிருந்தது, பொருள்கள் மலிவாயிருந்தன என்பது அதில் ஒன்று. தெருவில் காதைத் தீட்டி வைத்திருந்தவர் எழுதியது அது.

ரூத்:
எதிர்க்கேள்விக்கு இன்னொரு பக்கம் சொல்கிறேன். நிச்சயத்தை அவர் ஒரு நியாய வாக்கியமாகக் கட்டினார். விசுவாசிக்கிறவன் இரட்சிக்கப்படுவான் என்பது வேதம் சொல்வது. நான் விசுவாசிக்கிறேன் என்பது மனச்சாட்சி சொல்வது. ஆகவே நான் இரட்சிக்கப்படுவேன். பிசகு எப்போதும் இரண்டாவது வரியில்தான் வரும். முதல் வரியில் யாருக்கும் சந்தேகமில்லை, ‘நான் விசுவாசிக்கிறேனா?’ என்பதில்தான் ஆள் உடைகிறார்.

அங்கே அவர் படிப்படியாக இறங்கி வருகிறார். ஆவியானவரின் சாட்சி உள்ளத்தில் தெளிவாக இல்லையென்றால் பரிசுத்தமாகுதலின் பலன்களைப் பார். சுடர் தெரியாதபோது சூட்டைக்கொண்டு நெருப்பு இருப்பதை அறிகிறோமே என்கிறார். பலன்களும் மெலிந்து தெரிந்தால்? 1597-இல் வந்த ‘கடுகுவிதை’ அதற்குத்தான். விசுவாசிக்க வேண்டும் என்ற உண்மையான ஏக்கத்தையே தேவன் விசுவாசமாக ஏற்றுக்கொள்கிறார் என்பது அதன் மையம். வாசலை இதற்குமேல் தாழ்த்த முடியாது.

எதிர்க்கேள்வி:
வாசலைத் தாழ்த்தினார், சரி. ஆனால் அந்த ஏக்கம் உண்மையானதா தற்காலிகமானதா என்று கேட்டால் மறுபடி உள்ளேதானே பார்க்கச் சொல்கிறார்? பிற்பாடு அமெரிக்காவில் பெயர்பெற்ற பியூரிட்டன் போதகர் ஜான் காட்டன் மாணவராக இருந்தபோது பெர்கின்ஸின் சாவுமணி கேட்டு, தன் மனச்சாட்சியைக் குத்தியவர் போய்விட்டார் என்று உள்ளுக்குள் மகிழ்ந்ததாகப் பதிவு இருக்கிறது. அவர் மனந்திரும்பியது பல ஆண்டுகள் கழித்து, ரிச்சர்ட் சிப்ஸின் பிரசங்கத்தில்.

இன்னொன்றையும் மூடிமறைக்க வேண்டாம். 1608-இல், அவர் இறந்தபின் அச்சான சூனியம் பற்றிய நூல். நோய் தீர்க்கும் ‘நல்ல’ சூனியக்காரிகூடக் கொல்லப்பட வேண்டும், ஆன்மாவைக் கெடுப்பதில் அவள்தான் அதிக ஆபத்து என்கிறார். பலத்த ஐயம் இருந்தால் விசாரணையில் சித்திரவதையையும் அனுமதிக்கிறார்.

பழைய ஏடு:
மூடிமறைக்கக் கூடாதுதான். அந்த நூல் கொடியது. மனித உயிரைப் பறிக்கும் சட்டத்துக்கு வேத ஆதாரம் தேடிக் கொடுத்தது. கூடவே அதிலிருக்கும் சாட்சிய விதிகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தண்ணீரில் தள்ளி மிதக்கிறாளா என்று பார்ப்பது, பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பிடிக்கவைப்பது, சந்தேகப்பட்டவளைக் கீறி இரத்தம் எடுப்பது எதையும் ஆதாரமாக அவர் ஏற்கவில்லை. ஊர்ப்பேச்சு விசாரணைக்குக் காரணம் ஆகலாம், தண்டனைக்கு ஆகாது. குற்றவாளியே ஒப்புக்கொள்வது அல்லது இரண்டு சாட்சிகள்: இவை மட்டுமே போதிய ஆதாரம். 1692-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் சேலம் சூனிய வழக்குகள் நடந்தபோது, பாஸ்டன் போதகர் இன்க்ரீஸ் மாதர் ஆவிக்காட்சிச் சாட்சியத்தை (குற்றவாளியின் ஆவியுருவைக் கண்டதாகச் சொல்வதை) மறுத்து எழுதியதில் பெர்கின்ஸையும் துணைக்கு அழைத்தார். இந்த இரண்டையும் ஒரே ஆள்தான் எழுதினார், ஒன்றைச் சொல்லி மற்றதை விடுவது நேர்மை ஆகாது.

முன்குறித்தல் பற்றி டச்சு இறையியலாளர் ஆர்மினியஸோடு எழுந்த வாதத்தையும் சுருக்கமாகச் சொல்கிறேன்: முன்குறித்தலின் முறையும் வரிசையும் பற்றிப் பெர்கின்ஸ் 1598-இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். மனிதனின் வீழ்ச்சியைக் கருதாமலே தேவதீர்மானம் முந்தியது என்ற கடுமையான பக்கம் அவருடையது. ஆம்ஸ்டர்டாமில் போதகராக இருந்த ஆர்மினியஸ் அதை வாசித்து, வரிக்கு வரி மறுப்பு எழுதினார். அனுப்புமுன் பெர்கின்ஸ் இறந்துவிட்டார். ஆர்மினியஸும் 1609-இல் இறந்தபின், 1612-இல்தான் அது அச்சேறியது. ஆர்மினியஸ் பக்கத்தாரின் உபதேசத்தை விசாரித்த 1618–19 டார்ட் பேரவையில் (நெதர்லாந்து சபை மாநாட்டில்) தலைவருக்கு ஆலோசகராக இருந்தவர் வில்லியம் ஏம்ஸ், பெர்கின்ஸின் மாணவர். ஆக, இருவரும் நேரில் பேசியிருக்க வேண்டிய வாதத்தை அடுத்த தலைமுறை முடித்தது.

தேடல்:
கூட்டத்துக்கு இவரையே எடுக்கிறோம். எதிலிருந்து தொடங்கலாம், எதில் எச்சரிக்கை வேண்டும்?

மேய்ப்பன்கோல்:
முதல் வாரம் ‘ஆறு அடிப்படைகள்’, முன்னுரையோடு. அதை விட்டால் யாருக்கு எழுதினார் என்பதே தெரியாது. இரண்டாவது பிரசங்கக் கைநூல். ஏழு வகைக் கேட்போர் பகுதியைச் சத்தமாக வாசியுங்கள். மூன்றாவது ‘கடுகுவிதை’. ‘பொற்சங்கிலி’ இவற்றுக்குப் பிறகு வரட்டும், வரைபடத்தைப் பெரிய தாளில் அச்செடுத்து, நடுப்பத்தியிலிருந்து தொடங்குங்கள். எதிர்க்கேள்வி கேட்டதை அந்த நாளில் விட்டுவிடாதீர்கள். தற்காலிக விசுவாசம் பற்றிய பகுதியை ‘கடுகுவிதை’யின் பக்கத்தில் வைத்து வாசித்தால், அவர் தீர்த்ததும் தீர்க்காததும் இரண்டும் தெரியும்.

எச்சரிக்கை, இறந்தபின் வந்த நூல்களில். அவருடைய எழுத்துகளைத் திரட்டிய மூன்று பெரிய தொகுதிகளில் பாதிக்குமேல் பிறர் குறிப்பிலிருந்தும் கைப்பிரதியிலிருந்தும் பதிப்பித்தவை. ‘மனச்சாட்சி வழக்குகள்’ நூலைப் பதிப்பித்தவர் தாமஸ் பிக்கரிங். கலாத்தியர் விரிவுரையில் பெர்கின்ஸ் ஐந்தாம் அதிகாரத்தோடு நிற்கிறார். ஆறாவதை எழுதியவர் ரால்ஃப் கட்வர்த். “ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து” என்ற வசனத்துக்குப் பெர்கின்ஸ் சொன்னார் என்று அந்தப் பகுதியிலிருந்து எடுத்துப் போடாதீர்கள்.